ஹாலோவீன் துப்பறியும் கதை எழுதப் போகிறீர்களா?

பூசணிக்காயிலிருந்து தொடங்குங்கள். அக்டோபர் 31, வேஷம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வீடுவீடாக மிட்டாய் கேட்கப் போகும் ஹாலோவீன் இரவு, அமெரிக்கச் சிற்றூர் ஒன்று, வாசலுக்கு வாசல் முகம் செதுக்கிய பூசணி, உள்ளே மெழுகுவர்த்தி. செதுக்கிய பூசணி சில நாட்களிலேயே சுருங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆக, போன வாரமே செதுக்கி தினமும் விளக்கேற்றியதாக ஒருவர் சொல்லும் காயில் வெட்டிய விளிம்பு இன்னும் ஈரமாக, மூடியின் அடியில் துளிக் கரிகூட இல்லாமல் இருந்தால், அதைக் கவனிக்க ஒரு பேக்கரிக்காரம்மா போதும், போலீஸ் தேவையில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த தடயம் இதுதான்.

கொலை கண்ணில் படாமல் நடக்கட்டும், ரத்தம் வேண்டாம். அப்புறம், எல்லோரும் வேஷத்தில் இருப்பதால் 'நான் அவரைப் பார்த்தேன்' என்ற சாட்சியை நம்ப முடியாது. மிட்டாய் கேட்டு வீடுவீடாகப் போன பொடியனைச் சாட்சியாக்குங்கள். எந்த வீட்டில் என்ன கொடுத்தார்கள், எந்தக் கதவு திறக்கவில்லை என்று அவனுக்கு அத்துப்படி.