பூ விற்கும் பெண்ணை ஆங்கிலத்தில் எங்கே நிறுத்துவது?

‘கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்கும் பெண்.’ பெங்களூரு ஆபீஸில் இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால் தமிழ் நாக்குக்கு முதலில் வருவது ‘கே.ஆர். மார்க்கெட் ஃபிளவர் செல்லிங் லேடி’. ‘விற்கும்’ போன்ற நம் பெயரெச்சம் தன் பரிவாரம் முழுவதையும் கூட்டிக்கொண்டு பெயருக்கு முன்னால் நிற்கும். ஆங்கிலப் பார்ட்டிசிபிள் (‘செல்லிங்’, ‘சோல்ட்’ போன்ற வினை வடிவம்) தனியாக வந்தால்தான் பெரும்பாலும் முன்னால்: ‘ஸ்லீப்பிங் டாக்’. செயப்படுபொருளோ இடமோ பின்தொடர்ந்தால் பெயருக்குப் பின்னால் போய்விடும்: ‘த லேடி செல்லிங் ஃபிளவர்ஸ் அட் கே.ஆர். மார்க்கெட்’.

அதற்கும் முன்பாகத் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. படித்த பையன், படித்த புத்தகம், படித்த பள்ளி: மூன்றுக்கும் ஒரே ‘படித்த’. பெயரெச்சம் கொள்ளும் பெயர்களாக வினைமுதல், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறு பொருளைக் காட்டுகிறது நன்னூல். ஆங்கிலப் பார்ட்டிசிபிளுக்கு அந்தத் தாராளம் கிடையாது. பெயர் செய்பவரைக் குறித்தால் ‘இங்’ வடிவம். செய்யப்பட்டதைக் குறித்தால் வினையின் மூன்றாம் வடிவம். ‘நேற்று அனுப்பிய இன்வாய்ஸ்’ என்பதை ‘த இன்வாய்ஸ் சென்டிங் எஸ்டர்டே’ என்று எழுதினால், இன்வாய்ஸே எதையோ அனுப்புவதாகிவிடும். ‘த இன்வாய்ஸ் சென்ட் எஸ்டர்டே’ என்பதே சரி.

கருவி, இடம், காலம் என்று வந்தால் பார்ட்டிசிபிளை மறந்துவிடுங்கள். அல்சூரில் நாங்கள் குடியிருந்த வீடு ‘த ஹவுஸ் வீ லிவ்ட் இன்’. கடைசி ‘இன்’ நம்மவர் எழுத்தில் அடிக்கடி காணாமல் போகும். ‘வீட்டில்’ என்பதன் ‘இல்’ உருபு தமிழ்ப் பெயரெச்சத் தொடரில் மறைந்துவிடுகிறதே. ‘நேற்று வந்தவர்’ என்பதும் ‘த மேன் கேம் எஸ்டர்டே’ ஆகாது, நடுவில் ‘ஹூ’ வேண்டும். மூன்றாம் வடிவமே செய்தவரைக் குறிக்கும் ‘ஃபாலன் லீவ்ஸ்’, ‘ரிடயர்ட் ஆபீசர்’ போன்ற சில மட்டும் விதிவிலக்கு.

செயப்படுபொருளோடு முன்னால் நிறுத்தியே தீர வேண்டுமென்றால் ஹைஃபன் போட்டு ஒட்டுங்கள். அப்போது செயப்படுபொருள் வழக்கமாக ஒருமையில் வரும்: ‘டாக்ஸ்-பேயிங் சிட்டிசன்’, ‘டாக்ஸஸ்-பேயிங்’ அல்ல. ‘ஸ்வீட்’, ‘குட்’ போன்ற பெயரடை ஒட்டுவதில் ஒரு நுணுக்கம்: லுக், ஸ்மெல், சவுண்ட் போன்ற வினைகள் பெயரடையை ஏற்கும். மல்லிகை ‘ஸ்வீட்-ஸ்மெல்லிங்’, ஆள் ‘குட்-லுக்கிங்’. எழுதுவதைக் குறிக்கும் ரைட் என்ற வினை அப்படியல்ல. அதனால் ‘குட் ரிட்டன் ரிப்போர்ட்’ தவறு, ‘வெல்-ரிட்டன்’ சரி. ‘ஃப்ரெஷ்லி கட்’ போல முதலில் வரும் வினையடை ‘லி’யில் முடிந்தால் ஹைஃபன் வேண்டாம்.

இடம் மாறினால் பொருளே மாறும் சொற்களும் உண்டு. ஆபீஸ் மெயில்களில் நாம் தாராளமாகப் போடும் ‘த கன்சர்ன்ட் பெர்சன்’ வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் ‘கவலையில் இருப்பவர்’ என்றே படலாம். சம்பந்தப்பட்டவர் என்றால் ‘த பெர்சன் கன்சர்ன்ட்’.

செயப்படுபொருளுக்குப் பின்னால் பெயரடையோ பார்ட்டிசிபிளோ வரும்போதும் இதே கதைதான். ‘ஐ ஃபௌண்ட் த டோர் லாக்ட்’ என்றால் போய்ப் பார்த்தபோது கதவு பூட்டியிருந்தது. ‘ஐ ஃபௌண்ட் த லாக்ட் டோர்’ என்றால் பூட்டிய கதவைத் தேடிக் கண்டுபிடித்தீர்கள். ‘லீவ் த கேட் ஓப்பன்’, ‘ஐ காட் த லேப்டாப் ரிப்பேர்ட்’: பொருள் முதலில், நிலை பிறகு. ‘காட் ரிப்பேர்ட் த லேப்டாப்’ என்று புரட்டினால் வாக்கியம் உடைந்துவிடும்.

வாக்கியத் தொடக்கத்தில் ‘இங்’ வைத்தால் எழுவாயைச் சரிபாருங்கள். பெங்களூருவின் பஸ் நிலையப் பகுதியான மெஜஸ்டிக்கைப் பற்றி, ‘மெஜஸ்டிக் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது’ என்பது நல்ல தமிழ். ‘ரீச்சிங் மெஜஸ்டிக், த ரெயின் ஸ்டார்டட்’ என்றால் மழைதான் பஸ் ஏறி மெஜஸ்டிக் வந்திருக்கிறது. ‘வென் வீ ரீச்ட் மெஜஸ்டிக்’ என்று தொடங்குங்கள்.