தனிமைப்படுத்தலில் பிள்ளைகள்: மலை வீட்டில் ஜன்னலும் கரிச்சட்டியும்

ஊட்டி, கோத்தகிரி குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுகச் சாத்தினால், தொற்றுள்ள ஒருவர் இருமினாலும் கொரோனா கிருமி அறைக் காற்றிலேயே தங்கும். வெயில் ஏறியதும், 11 மணி முதல் 3 மணிக்குள், எதிரெதிர் ஜன்னல்களை மணிக்கொரு தரம் 10 நிமிடமாவது திறந்து வையுங்கள். அப்போது பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், குல்லா மாட்டி, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு நொண்டி ஆடவிடுங்கள். உடம்பு தானே சூடேறும்.

குளிர்காயக் கரி மூட்டும் கரிச்சட்டியை மட்டும் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். புகை அடங்கிய கனலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்கும் பிள்ளை விழிக்காமலே போய்விடலாம். தலைவலி, வாந்தி, மயக்கம் தெரிந்தால் உடனே வெளியே தூக்கிவந்து 108-ஐ அழையுங்கள். குளிருக்கு வெந்நீர்ப் பையே நல்லது. கொதிநீர் ஊற்றாதீர்கள், துணி சுற்றிப் படுக்கையில் வைத்து, பிள்ளை படுக்குமுன் எடுத்துவிடுங்கள்.