காலநிலை ஆய்வுக்கான புலமைப்பரிசில்: மலையகப் பட்டதாரிகள் எங்கிருந்து தொடங்கலாம்?

புலமைப்பரிசில் என்றதும் நம்மவர்கள் முதலில் தேடுவது விண்ணப்பப் படிவத்தை. அது கடைசி வேலை. கேள்வி, தரவு, வழிகாட்டப்போகும் பேராசிரியர், இந்த மூன்றும் அதற்கு முன்னால் வர வேண்டும்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"காலநிலை மாற்றமும் மண்சரிவும்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பு லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் அறிவோம். இன்று, 24 மணிநேரத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் அபாயச் சரிவுகளிலிருந்து வெளியேறச் சொல்கிறார்கள். கான் (வடிகால்) தூர்ந்துபோன தேயிலை மலைக்கும் அதே அளவு பொருந்துமா? இப்படிக் கேளுங்கள். இதை ஊரில் இருப்பவர்தான் கேட்க முடியும்; உங்கள் பலமும் அதுதான்.

படி 2: தரவு எங்கே என்று பாருங்கள்

நுவரெலியா, பதுளை, பண்டாரவளை நிலையங்களின் பதிவுகளுக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தைக் கேட்கலாம். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பல தோட்டங்களிலும் தினமும் மழை அளந்து எழுதிவைக்கிறார்கள். தோட்ட ஆபீஸில் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

படி 3: உங்களுக்குப் பொருந்துவதைத் தெரிவுசெய்யுங்கள்

முதுமாணிக்கு ஜேர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு புலமைப்பரிசில் தரும் வளர்ச்சிசார் பட்டப்படிப்புகளைப் பாருங்கள். பொதுவாக இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கலாநிதிப் பட்டத்துக்கு, இத்தாலியின் திரியெஸ்தேயில் இயங்கும் உலக அறிவியல் கழகம் (TWAS), வளர்முக நாடுகளின் நிறுவனங்களிலேயே படிக்கப் புலமைப்பரிசில் தருகிறது. ஜேர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளைக்குக் காலநிலைப் பாதுகாப்புக்கென்றே தனிப் புலமைப்பரிசில் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: "மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகளுக்கு மட்டும்" என்றிருந்தால் விட்டுவிடுங்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

படி 4: பேராசிரியருக்கு எழுதுங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். ஹம்போல்ட் விண்ணப்பத்துக்கு, உங்களை ஏற்கும் ஜேர்மன் ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆளை நீங்களேதான் தேட வேண்டும். அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படியுங்கள். பிறகு நான்கு பந்தியில் மின்னஞ்சல்: நீங்கள் யார், உங்கள் கேள்வி என்ன, கையில் என்ன தரவு இருக்கிறது, அவருடைய எந்த முறை அதற்கு உதவும். "மதிப்புக்குரிய ஐயா/அம்மா" என்று ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது வீண். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையா, சரி, அடுத்தவர்.

படி 5: அனுப்புங்கள்

பரிந்துரைக் கடிதத்தை உங்கள் விரிவுரையாளரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். முடிவுத் திகதி எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள்: ஜப்பானில் நள்ளிரவு என்றால் நமக்கு இரவு 8.30தான். மழை நாளில் கரண்டும் சிக்னலும் ஒன்றாகப் போகும் ஊர் நம்முடையது, அதனால் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.