பிள்ளைகள் கீறின கேத்தலைப் பாத்து என்ன சொல்றது?

சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில ஒரு சின்ன அறை, ஆறு லெப்டொப், பதினொரு பிள்ளைகள், ஜன்னலைத் திறந்தா காலி வீதியில 100 பஸ் ஹோர்ன் அடிக்கிற சத்தம், பூட்டினா வேர்வை. இதுதான் என்ட கிளாஸ். இன்க்ஸ்கேப் எண்ட, கொம்பியூட்டர்ல படம் கீறுற புரோகிராமில வீட்டுச் சாமான் கீறப் பழக்கிறன், கேத்தல், மூக்குப்பேணி, தும்புத்தடி, இடியப்ப உரல், அப்பச்சட்டி இப்பிடி. இன்க்ஸ்கேப் சும்மா டவுன்லோட் பண்ணலாம், அம்மாமாரிட்ட காசு கேக்கத் தேவையில்ல, அதால அதையே பிடிச்சுக்கொண்டன். டூல் பழக்கிறது லேசு. பிள்ளை கீறி முடிச்சிட்டு "மிஸ் பாருங்க" எண்டு லெப்டொப்பைத் திருப்புமே, அந்த நேரம் வாயில என்ன வருது எண்டதுதான் கரைச்சல். இதே மாதிரி கிளாஸ் எடுக்கிற ரெண்டு மூண்டு பேர் கேட்டதால நான் செய்யிற விதத்தை எழுதுறன்.

முதல் விஷயம், வாயைத் திறக்க முதல் ஒண்டை முடிவு பண்ணுங்க: பிழை கண்ணிலயா கையிலயா? கண்ணில பிழை எண்டா பிள்ளை சாமானை ஒழுங்காப் பாக்கேல்ல. கையில பிழை எண்டா பாத்தது சரி, கோடு கீறுற பென் டூல்தான் சொன்னபடி கேக்கேல்ல. ரெண்டும் ஸ்கிரீன்ல ஒரே மாதிரித்தான் தெரியும், கோணலா ஒரு கேத்தல், அவ்வளவுதான். ஆனா மருந்து வேற. கண் பிழைக்கு நோட்டை (கோட்டில கிளிக் பண்ணி வைக்கிற புள்ளியை) பற்றிக் கதைச்சா பிள்ளை பிழையான வடிவத்தை இன்னும் வழுவழுப்பாக் கீறிக்கொண்டு வரும். கைப் பிழைக்கு "வடிவாப் பார்" எண்டு சொன்னா அழுகைதான் வரும், ஏனெண்டா அது ஏற்கனவே வடிவாத்தான் பாத்தது.

அதால சாமான் மேசையில இருக்கோணும். போன்ல போட்டோ காணாது, உண்மையான சாமான். நான் வீட்டிலயிருந்து அம்மம்மாட பித்தளை மூக்குப்பேணியை துணியில சுத்திக் கொண்டு போறனான், பஸ்ல ஒருக்கா கொண்டக்டர் அது என்னெண்டு கேட்டு பெரிய கதையாப் போச்சு, அது வேற விஷயம்.

மூக்குப்பேணியை வச்சே கண் பிழையைக் காட்டுறன். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளையும் வாயை முட்டை வட்டமாக் கீறும், அடியை அடிமட்டம் வச்ச மாதிரி நேர்கோடாக் கீறும். ஏன்? பேணி மேசையில ஆடாம நிக்குது, அப்ப அடி தட்டையாத்தானே இருக்கோணும் எண்டு மூளை சொல்லுது. கண் சொன்னதை மூளை கேக்கேல்ல. இந்த இடத்தில "பெர்ஸ்பெக்டிவ் பிழை" எண்டு சொல்லிப் பிரயோசனம் இல்ல. நான் பேணியைக் கையில எடுத்து பிள்ளைட கண் மட்டத்துக்கு மெல்ல மெல்ல உயர்த்துவன். வாய் வட்டம் ஒடுங்கி ஒடுங்கி கடைசியில வெறும் கோடாப் போகும். பிறகு மெல்ல இறக்குவன், வட்டம் திறந்துகொண்டே வரும். "கண்ணுக்குக் கீழ போகப் போக வட்டம் என்ன செய்யுது?" "விரியுது மிஸ்." "அப்ப வாயை விட அடி இன்னும் கீழதானே இருக்கு?" கொஞ்ச நேரம் பேச்சு வராது, பிறகு தானா மவுஸைப் பிடிச்சு அடிக்கோட்டை வளைக்கும், வாயை விடக் கொஞ்சம் கூட வளைவா. முழுக்க ரெண்டு நிமிஷம், நான் பிழை எண்ட சொல்லைச் சொல்லவே இல்ல.

அடுத்தது கை. இதுக்கு ஒரு கண்ணாடி இருக்கு, வியூ மெனுவுல டிஸ்ப்ளே மோட், அதுக்குள்ள அவுட்லைன். இல்லஸ்ட்ரேட்டர் பாவிக்கிறாக்கள் கன்ட்ரோல் வை அடிச்சாக் காணும். கலர், ஷேடோ எல்லாம் கழண்டு வெறும் எலும்பு தெரியும். படத்தைப் பாத்து மயங்க முதல் எலும்பைப் பாருங்க, ஆனா பிள்ளைக்கு முன்னால இல்ல, முதல்ல தனியப் பாருங்க. திடீரெண்டு கலரைக் கழட்டினா சில பிள்ளைகள் அவமானமா எடுக்குதுகள்.

எலும்பில நான் தேடுறது முதலாவதா நோட் எண்ணிக்கை. நோட் டூலை எடுத்து கன்ட்ரோல் ஏ அடிச்சா கீழ ஸ்டேட்டஸ் பார்ல எத்தினை எண்டு வரும். ஒரு முழு வட்டத்துக்கு இன்க்ஸ்கேப்புக்கே நாலு நோட் காணும். அப்ப ஒரு கேத்தல் மூடிக்கு முப்பத்தெட்டு நோட் எண்டா எங்கயோ பிள்ளை பயந்து பயந்து கிளிக் பண்ணியிருக்கு. புதுசாப் பழகிறாக்கள் எல்லாரும் அப்பிடித்தான், கை நடுங்கிற இடத்தில எல்லாம் ஒரு நோட்டைக் குத்தினா பாதுகாப்பு எண்டு நினைக்கிறது, ஆனா ஒவ்வொரு நோட்டும் ஒரு புது நெளிவுதான். இங்க "நோட்டைக் குறை" எண்டு மட்டும் சொன்னா பிள்ளை கன்ட்ரோல் எல் அடிச்சு சிம்ப்ளிஃபை பண்ணும், அதாவது புரோகிராமே நோட்டைக் குறைக்கும், அடுத்தடுத்து அடிச்சா அது இன்னும் மூர்க்கமா வேலை செய்யும், கேத்தல் மூக்கிட கூரெல்லாம் உருகி மெழுகுதிரி மாதிரி வந்து நிக்கும். அதுக்குப் பதிலா இடத்தைச் சொல்லுங்க: "இந்த வளைவுல ஆக மேல இருக்கிற புள்ளி எது, ஆக வெளியில இருக்கிற புள்ளி எது, அந்த ரெண்டையும் விட்டிட்டு நடுவில இருக்கிறதை ஒவ்வொண்டா அழிச்சுப் பார்." ஆக மேல, ஆக கீழ, ஆக இடம், ஆக வலம், நோட் இருக்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவைதான். நோட்டிலயிருந்து நீண்டு வளைவைத் திருப்புற கைதான் ஹேண்டில். மேல கீழ இருக்கிற நோட்டுக்கு அது படுத்திருக்கோணும், பக்கத்தில இருக்கிறதுக்கு ஹேண்டில் நிமிந்து நிக்கோணும். கன்ட்ரோலைப் பிடிச்சுக்கொண்டு இழுத்தா சரிஞ்சு போகாம கோணத்தில ஒட்டும்.

ஹேண்டில் நீளம் எவ்வளவு எண்டு கேக்கிற பிள்ளை ஒண்டு எப்பவும் இருக்கும். நாலு நோட் வட்டத்தில அது ஆரத்தில நூற்றுக்கு 55 அளவு, அதாவது பாதியை விட கொஞ்சம் கூட. இதை மனப்பாடம் பண்ணத் தேவையில்ல, ஆனா கட்டையான ஹேண்டில் எண்டா வளைவு கூரா வரும், நீண்டா பெட்டி மாதிரி வீங்கும் எண்டதுக்கு ஒரு அளவுகோல் கிடைக்கும். பேணி வாய் ரெண்டு பக்கமும் மாங்காய் நுனி மாதிரிக் கூரா வருதெண்டா அந்த ரெண்டு நோட்டும் கஸ்ப்பா, அதாவது கூர் முனை நோட்டா இருக்கு, ஸ்மூத்தா, அதாவது வழுவழுப்பா வளையிற நோட்டா மாத்தச் சொல்லுங்க, வேலை முடிஞ்சுது.

ஒரு எச்சரிக்கை. "கேத்தல் ஹேண்டிலைக் கொஞ்சம் வெளியில இழு" எண்டு நான் சொன்னன், பிள்ளை நோட் ஹேண்டிலை இழுத்து கேத்தலே வெடிச்ச மாதிரிப் போச்சு. அண்டையிலயிருந்து சாமானுக்கு பிடி, நோட்டுக்கு ஹேண்டில், இது கிளாஸ்ல சட்டம்.

பெரிய பிள்ளைகள் சலிச்சுப் போனா நான் சொல்ற கதை ஒண்டு. நாங்க ஹேண்டில் பிடிச்சு வளைக்கிற இந்தக் கோட்டுக்கு பெசியே வளைவு எண்டு பேர். பேர் தந்தவர் பியேர் பெசியே, ரெனோ கார் கம்பெனி இஞ்சினியர், 1960களில கார் பொடி வளைவைக் கணக்கில சொல்றதுக்கு இதைப் பாவிச்சவர். அதுக்கு முதலே 1959ல சிட்ரோன் கம்பெனியில போல் து கஸ்தெல்ஜோ எண்டவர் இதே வழியைப் பிடிச்சிட்டார், ஆனா கம்பெனி அதை வெளியில விடேல்ல, பேர் பெசியேக்குப் போயிட்டுது. கார் பொடிக்கு வந்த சாமான் எண்டு தெரிஞ்சா த்ரீவீலர் கூரை கீறுற பெடியன் கொஞ்சம் மரியாதையா ஹேண்டிலைப் பிடிக்கிறான்.

இனி ட்ரேஸ் பண்ணிக் கொண்டு வாறது. கூகிள்ல ஒரு கேத்தல் போட்டோ, போட்டோவைத் தானா கோட்டுப் படமாக்கிற ட்ரேஸ் பிட்மேப், ஓகே, முடிஞ்சுது. பாத்த உடனே விளங்கும், மூடியில எழுநூறு நோட் இருக்கும். ஏசாதீங்க. நான் ஒரே ஒரு வேலை குடுப்பன்: "மூடியைத் திற பாப்பம்." மூடியை மட்டும் பிடிச்சுத் தூக்கி பக்கத்தில வைக்கோணும். ட்ரேஸ் பண்ணின படத்தில மூடி எண்டு ஒரு சாமானே இல்ல, வெளிச்சத் துண்டும் இருட்டுத் துண்டும்தான் இருக்கு, பிடிச்சு இழுத்தா பாதிப் பிடியும் சேந்து வரும். பிள்ளைக்குத் தானா விளங்கும். இந்த மூடி டெஸ்ட் ஒழுங்காக் கீறினாக்களுக்கும் நல்லது, எல்லாத்தையும் ஒரே பாத்தில, அதாவது ஒரே தொடர் கோட்டில கீறினவங்க அகப்படுவாங்க. பிடி பின்னால போகோணும் எண்டா பேஜ் டவுன், முன்னால வரோணும் எண்டா பேஜ் அப், அதுக்கும் துண்டு துண்டா இருந்தாத்தான் ஏலும்.

கிரேடியன்ட், அதாவது ஒரு கலர் மெல்ல மெல்ல இன்னொண்டா மாறுற மாதிரிப் பூசுறது, அது பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு, நீங்க ஒத்துக்கொள்ளாட்டியும் பரவாயில்ல. பிள்ளை கீறிக் காட்டி நான் கருத்துச் சொல்றது ஒரு ரவுண்டு, முதல் ரெண்டு ரவுண்டுக்கு கிரேடியன்ட் தடை. வடிவம் சரியில்லாத அலுமினியக் கேத்தலுக்கு மினுமினுப்பு போடுறது காய்ச்சல்காரனுக்கு பவுடர் பூசுற மாதிரி. அதோட எல்லாரும் கைதட்டிடுவாங்க, "ஆ உண்மை மாதிரி இருக்கே" எண்டு, பிறகு நீங்க மூக்கு கோணல் எண்டு சொன்னா நீங்கதான் கெட்ட ஆள்.

சின்னச் சின்னதுகள் கெதியாச் சொல்றன். ஃபில் (உள்ளுக்குக் கலர்) போட்டா ஒரு பக்கம் அவுட்லைன் இல்லாம நிக்குதெண்டா பாத் மூடேல்ல, கடைசி ரெண்டு நோட்டையும் சேத்துப் பிடிச்சு ஷிப்ட் ஜே. படத்தைச் சின்னதாக்கினா கோடு மட்டும் தடிப்பா நிக்குதெண்டா ஸ்ட்ரோக் (கோட்டுத் தடிப்பு) சேந்து ஸ்கேல் ஆகிற பட்டன் ஓஃப்ல இருக்கு. பிஸ்கட் டின்ல தமிழ்ல பேர் எழுதினா அனுப்ப முதல் ஒப்ஜெக்ட் டு பாத் பண்ணச் சொல்லுங்க, அதாவது எழுத்தை வெறும் வடிவமா மாத்தச் சொல்லுங்க, இல்லாட்டி அந்த ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டர்ல எழுத்து வேற மாதிரி வரும், சில நேரம் வெறும் பெட்டி பெட்டியா வரும். ஆனா எழுத்துப் பிழை பாத்து முடிச்ச பிறகுதான் பாத் ஆக்கோணும், பிறகு திருத்த ஏலாது.

சரி, சொல்ற விதம். ஒரு ரவுண்டுக்கு ஒரு பிழை. உங்களுக்கு ஒன்பது தெரியும், தெரிஞ்ச மாதிரிக் காட்டாதீங்க. எதை எடுக்கிறது எண்டா, எதைத் திருத்தினா மற்றது ரெண்டு மூண்டும் தானா விழுமோ அதை. கேத்தல் உடம்பு சரிஞ்சிருந்தா மூக்கும் பிடியும் சரிஞ்சுதான் இருக்கும், அப்ப மூக்கைப் பற்றிக் கதைச்சு என்ன.

பாராட்டும் அப்பிடித்தான், இடம் சொல்லோணும். "சூப்பர் மகன்" எண்டா அவனுக்கு எது சூப்பர் எண்டு தெரியாது, அடுத்த முறை எதைத் திரும்பச் செய்யிறது? "அப்பச்சட்டிக் காது ரெண்டும் ஒரே அளவா வந்திருக்கு, ஒண்டைக் கீறி ஃப்ளிப் பண்ணினியா?" எண்டு கேளுங்க, அவன் எழும்பி நிண்டு விளங்கப்படுத்துவான், பக்கத்தில இருக்கிற ரெண்டு பேரும் பழகிடுவாங்க. இன்னொண்டு, "தும்புத்தடி உயிரில்லாம இருக்கு" எண்டு எழுதாதீங்க. அதை வச்சு பிள்ளை என்ன செய்யிறது? "தும்பு எல்லாம் ஒரே நீளம், உண்மைத் தும்புத்தடியில ஓரத்தில தேஞ்சிருக்கு, ஒரு அஞ்சாறு தும்பை மட்டும் கட்டையாக்கிப் பார்" எண்டா பத்து நிமிஷத்தில செய்யிற வேலை.

மவுஸைத் தொடாதீங்க. இது நான் பட்டு அறிஞ்சது. போன வருஷம் ஒரு பிள்ளை இடியப்ப உரலோட மூண்டு கிழமை மல்லுக்கட்டிச்சு, எனக்குப் பொறுக்கேலாம மவுஸை வாங்கி நானே நாலு நோட்டில முடிச்சுக் குடுத்தன், அந்த நேரம் பெரிய உதவி செய்த நினைப்பு. அடுத்த கிழமை வந்து கையை மடியில வச்சுக்கொண்டு "மிஸ், நீங்களே செய்து தாங்கோ" எண்டுது. அந்தப் பழக்கத்தை மாத்த மூண்டு மாதம் போச்சு. இப்ப காட்டவே வேணும் எண்டா புது ஃபைல் திறந்து வேற சாமானில காட்டுறன், உரலுக்கு சந்தேகம் எண்டா டோர்ச் லைட் ஒண்டைக் கீறிக் காட்டுவன், வளைவு ஒண்டுதானே.

வீட்டிலயிருந்து அனுப்புறது வட்ஸ்அப்பிலதான், வேற வழியில்ல. போட்டோவா அனுப்பினா அது சுருக்கி மங்கலாக்கிடும், எஸ்விஜி ஃபைலை (இன்க்ஸ்கேப் சேவ் பண்ணுற ஃபைல்) டொக்குயுமென்டா அனுப்பச் சொல்லுங்க, கூடவே சாதாரண படமா ஒரு பிஎன்ஜியும், ஏனெண்டா எஸ்விஜி கன போன்ல திறக்காது. மறுமொழிக்கு நான் பிஎன்ஜியில ஒரே ஒரு சிவப்பு வட்டம் போட்டு இருபது செகண்ட் வொய்ஸ் விடுவன். நீளமா எழுதினா அம்மா வாசிச்சுக் காட்டுவா, வாசிக்கேக்க அது ஏச்சு மாதிரித்தான் கேக்கும்.

ஃபைல் பேர் விஷயத்தில மட்டும் நான் பொல்லாத மிஸ். கேத்தல் ஃபைனல், கேத்தல் ஃபைனல் 2, கேத்தல் உண்மையான ஃபைனல் எல்லாம் வேணாம், கேத்தல் 1, 2, 3, பழசை அழிக்கக் கூடாது. நாலாவது கிழமை ஒண்டையும் நாலையும் பக்கத்தில பக்கத்தில திறந்து வச்சிட்டு நான் பிளேன்டீ குடிக்கப் போயிடுவன். திரும்பி வரேக்க, "மிஸ், முதல் கேத்தல்ல தண்ணி ஊத்தினா மூக்கால வராது, மூடியாலதான் வரும்" எண்டு தன்ட படத்துக்குத் தானே சிரிச்சுக்கொண்டு இருக்கும்.