எல்டிஎல் நார்மல், ஆனாலும் கொழுப்பு நார்மல் இல்லை: ஸ்லீப் அப்னியா உள்ளவர்கள் லிப்பிட் ரிப்போர்ட்டைப் பார்ப்பது எப்படி?

ரத்தக் கொழுப்பைக் காட்டும் லிப்பிட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் தேடுவது, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் எண்ணைத்தான். அது 100-க்குப் பக்கத்தில் இருந்தால் கவரை மூடி பீரோவில் வைத்துவிடுவார்கள். குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வருபவர்கள், அதாவது ஸ்லீப் அப்னியா உள்ளவர்கள், அப்படி மூடி வைக்கக் கூடாது. இவர்களுக்கு வழக்கமாகக் கெடுவது வேறு இரண்டு எண்கள். ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு ஏறியிருக்கும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் இறங்கியிருக்கும். எல்டிஎல் சாதுவாக நிற்கும்.

தூக்கத்தில் 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது ஒரு அப்னியா. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது கணிசமாகச் சுருங்குகிறது என்ற கணக்குக்கு ஏஎச்ஐ என்று பெயர். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ஆக்சிஜன் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் உடம்பு பதறி அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை சேமிப்பில் இருக்கும் கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடுகின்றன. கல்லீரல் அதை வாங்கி, ட்ரைகிளிசரைடு நிறைந்த விஎல்டிஎல் துகள்களாகக் கட்டித் திரும்ப அனுப்புகிறது. ட்ரைகிளிசரைடை ரத்தத்திலிருந்து அகற்றும் நொதியும் இப்படிப்பட்ட ஆக்சிஜன் குறைவில் மந்தமாகிறது என்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வரத்து கூடுகிறது, செலவு குறைகிறது. தொப்பை, சர்க்கரை, மது மூன்றும் இதே எண்களைத்தான் ஏற்றும். அதனால் பழியை மூச்சின் மேல் மட்டும் போட்டுவிடவும் முடியாது.

ரத்தம் கொடுக்கும் முன்

இரவு 8 மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு, காலை 7-இலிருந்து 8-க்குள் ரத்தம் கொடுங்கள். இடையில் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபி ஒரு வாய் குடித்தாலும் அது வெறும் வயிறு இல்லை. முந்தின மூன்று நாட்கள் மது கூடாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் பீரும் முடித்துத் திங்கள் காலை லேபுக்குப் போனால், ட்ரைகிளிசரைடு உங்கள் வழக்கத்தைக் காட்டாது, ஞாயிற்றுக்கிழமையைத்தான் காட்டும். காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். நெய்வேலி, சிப்காட் பக்கம் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ஷிஃப்ட் முடிந்த கையோடு போக வேண்டாம். நடுராத்திரி கேன்டீனில் சாப்பிட்டிருந்தால் 12 மணி நேரக் கணக்கு தப்பிவிடும். பகல் ஷிஃப்ட் வாரத்தில் எடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே லேபில் எடுங்கள்.

அதே ஊசியில் டிஎஸ்எச் (தைராய்டு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை), எஸ்ஜிபிடி (கல்லீரல்), கிரியாட்டினின் (சிறுநீரகம்) நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். டிஎஸ்எச்சை விட்டுவிடாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தொண்டைத் தசை தளர்ந்து மூச்சடைப்பும் வரும். அது தெரியாமல் கொலஸ்ட்ராலை இறக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கினால் எண்களும் சரியாக இறங்காது, தசைவலிக்கும் வாய்ப்பு கூடும். தைராய்டைச் சரிசெய்தாலே கொலஸ்ட்ரால் கணிசமாக இறங்குவது உண்டு.

கழித்தல் கணக்கு

மொத்தக் கொலஸ்ட்ரால் 196, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 290 என்று ஒரு ரிப்போர்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பல லேப்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுவார்கள். 196-இலிருந்து 34, 58 இரண்டும் போனால் 104. பார்க்கப் பெரிய குற்றமில்லை. இப்போது மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: 162. இதுதான் நான்-எச்டிஎல், ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாக் கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை. இந்திய லிப்பிட் சங்கத்தின் பரிந்துரைப்படி, ஆபத்து குறைவாக உள்ளவருக்கே இது 130-க்குக் கீழ் இருக்க வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவருக்கு 100-க்குக் கீழ், ஏற்கெனவே இதயநோய் வந்தவருக்கு 80-க்குக் கீழ். 104-ஐப் பார்த்து நிம்மதியானவருக்கு 162 வேறு கதை சொல்கிறது.

ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்த ஐந்தில் ஒரு பங்குக் கணக்கே செல்லாது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்லுங்கள், அல்லது கெட்ட கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ-பி டெஸ்ட் கேளுங்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால், பரம்பரையாக வரும் கெட்ட கொழுப்பான லிப்போபுரோட்டீன்-ஏ டெஸ்டை வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும்.

இதுவரை தூக்கப் பரிசோதனை செய்யாதவர்களுக்கு: ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல், எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ், இதோடு குறட்டை, பகல் தூக்கம், மாத்திரைக்கு அடங்காத பிபி எல்லாம் சேர்ந்திருந்தால் ஓர் இன்ச் டேப் எடுங்கள். கழுத்து 40 செ.மீ.க்கு மேல், இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.க்கு மேல் என்றால் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் பிரிவிலோ காது-மூக்கு-தொண்டைப் பிரிவிலோ விசாரியுங்கள்.

மாஸ்க் எவ்வளவு செய்யும்?

தூக்கத்தில் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினை வாங்கியதும் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. சிபாப் மூச்சைக் காக்கும், பகல் தூக்கத்தைப் போக்கும், பிபியைக் கொஞ்சம் இறக்கும். ஆனால் கொலஸ்ட்ராலில் அதனால் வரும் இறக்கம் சிறியது, ட்ரைகிளிசரைடில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. மாத்திரையும் மூச்சைத் திறந்து வைக்காது. இரண்டும் தனித்தனி வேலை.

அந்தச் சிறிய பலனும் மாஸ்க் இரவு முழுக்க முகத்தில் இருந்தால்தான். விடிகாலை 3 மணிக்குக் கழற்றி வைப்பதுதான் அதிகம் நடக்கும் தப்பு. கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில் வரும். அப்போதுதான் தொண்டைத் தசை மிகவும் தளரும், ஆக்சிஜன் ஆழமாக இறங்கும். மெஷின் காட்டும் ஏஎச்ஐ 5-க்குக் கீழ் என்று மகிழ்வதற்கு முன், எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். கழற்றிய பிறகு நடந்தது அந்தக் கணக்கில் வராது.

காற்று கசிந்தால் முதலில் பார்க்க வேண்டியது தலைக்கு வைத்த எண்ணெய். நெற்றியிலும் கன்னத்திலும் வழிந்த எண்ணெயில் மாஸ்க்கின் சிலிக்கோன் வழுக்கும், நாளடைவில் ஊறிப்போய் வடிவமும் கெடும். படுக்கும் முன் சோப்பு போட்டு முகம் கழுவுங்கள், எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றுங்கள், மாஸ்க் குஷனை தினமும் மிதமான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். உப்பேறிய போர்த் தண்ணீர் ஊற்றினால் தொட்டி அடியில் வெள்ளையாகப் படியும். ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக் களகளவென்று சத்தம் வந்தால் ஈரப்பத அளவைக் குறையுங்கள். நம் கடலோரக் காற்றில் பலருக்கு அது அதிகம் தேவைப்படுவதே இல்லை.

புயல் காலத்துக்கு மெஷினை இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் ப்ளக்கில் மாட்டி வையுங்கள். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கரையேறிய பிறகு மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களைக் கடலூர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஹ்யூமிடிஃபையரையும் குழாய்ச் சூட்டையும் நிறுத்தினால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். மின்சாரமே இல்லாத இரவில் ஒருக்களித்துப் படுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள்.

தட்டில் மாற்ற வேண்டியது

ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் எண்ணெயைவிட மாவுக்கும் சர்க்கரைக்கும் மதுவுக்கும் பங்கு அதிகம். மது இரண்டு பக்கமும் அடிக்கும். தொண்டையைத் தளர்த்தி மூச்சடைப்பை நீட்டிக்கும், கல்லீரலில் ட்ரைகிளிசரைடைக் கூட்டும். பாண்டியில் விலை குறைவு என்பதால் வாரக் கடைசியில் மட்டும் குடிப்பவருக்கும் இது பொருந்தும். எண்களை இறக்கும் வரை அறவே நிறுத்துவதுதான் சரி. தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதில் பலவும் மூச்சடைப்பை மோசமாக்கும்.

இரவு பத்தரைக்குப் பரோட்டா, சால்னா என்ற பழக்கம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். எட்டு மணிக்குள் இரண்டு சப்பாத்தியோ கேழ்வரகு அடையோ, நிறையக் காயோடு. பேக்கரி பஃப்ஸைப் பொறுத்தவரை, 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் வனஸ்பதியிலும் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. நிறைகொழுப்பும் (சாச்சுரேட்டட் ஃபேட்) மைதாவும் அப்படியே இருக்கின்றன. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர், அவ்வளவுதான். ரேஷன் பாமாயிலில் பாதியளவு நிறைகொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

மத்தி, கானாங்கெளுத்தி வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாக வையுங்கள். பொரித்தால் மீனின் நல்ல கொழுப்போடு சட்டியின் கெட்ட எண்ணெயும் சேர்ந்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம், பிபிக்கு ஆகாது. பண்ருட்டி முந்திரி கெட்டது இல்லை. வறுக்காமல், உப்பு போடாமல், பத்துப் பன்னிரண்டு பருப்போடு நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. மாலைக்கு வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு கைப்பிடி போதும்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏஎச்ஐ சுமார் கால்வாசி இறங்கும் என்பது தெரிந்த கணக்கு. ட்ரைகிளிசரைடும் கூடவே இறங்கும். சிபாப் தொடங்கியவர்களுக்கு எடை சற்று ஏறுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருப்பதால், வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

மாத்திரை

ஸ்டாட்டினை டாக்டர் சொன்ன அளவில், நாள் தவறாமல் போடுங்கள். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் இரவில்தான் என்று இல்லை, மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். தொடங்கி 6 முதல் 12 வாரத்தில் மறுபடி லிப்பிட் பாருங்கள். எண் இறங்கியது என்று நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். கருவுற்றிருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் முன்னதாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தசை கடுமையாக வலித்து, சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்டுங்கள்.

ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து தொடங்குகிறது. அப்போது ட்ரைகிளிசரைடை இறக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையைச் சேர்ப்பார்கள். அதே வகை மாத்திரையான ஜெம்ஃபிப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்த்துப் போடக் கூடாது, தசை சிதையும் ஆபத்து உண்டு. இவ்வளவு உயர்ந்த எண் உள்ளவருக்கு மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும் வலியும் வாந்தியும் வந்தால், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.