ஐ.பி.எஸ். குடல் கோளாறுக்குப் புரோபயாட்டிக்: நாம் செய்யும் தவறுகள்

சாப்பிட்ட கை காய்வதற்குள் வயிறு முறுக்கும். ஒரு வாரம் பேதி, மறுவாரம் மலச்சிக்கல். தருமபுரியில் பஸ் ஏறும்போதே வழியில் கழிப்பறை இருக்குமா என்ற கவலை வந்துவிடும். எனக்கும் இந்த ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome, எரிச்சல் குடல் நோய்) பல வருடமாக இருக்கிறது.

புரோபயாட்டிக்கால், அதாவது நல்ல நுண்ணுயிர்கள் உயிரோடு அடங்கிய கேப்சூல், பவுடரால், சிலருக்கு வலியும் உப்புசமும் குறைகின்றன. ஆனால் குறைத்தது அதுதானா என்றே கண்டுபிடிக்க முடியாதபடி அதைச் சாப்பிடுகிறோம். பெரிய தவறு இதுதான்.

நான் தொடங்கியது மே மாதத்தில். கிருஷ்ணகிரிப் பக்கம் அப்போது வீடு முழுக்க மாம்பழம். காலையில் கேப்சூல், ராத்திரி இரண்டு மல்கோவா. வயிறு இன்னும் ஊதியது. கேப்சூல் ஒத்துக்கொள்ளவில்லை என்று பத்தே நாளில் நிறுத்திவிட்டேன். மாம்பழத்தில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் அதிகம். சிறுகுடல் உறிஞ்சாமல் விட்டது பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. தை மாத மொச்சைக் குழம்பும் இப்படித்தான் வயிற்றை ஊத வைக்கும். அதனால் வழக்கமான சாப்பாடு ஓடும் மாதத்தில் தொடங்குங்கள். கூடவே இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூளையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். வலி, உப்புசம், மலம் மூன்றையும் தினமும் ஒரு வரி குறித்து வையுங்கள்.

குறைந்தது 4 வாரம் பாருங்கள். 12 வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்கிறது பிரிட்டன் இரைப்பைக் குடலியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். அமெரிக்கச் சங்கமோ 2020-இல், ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. வருடக்கணக்கில் காசு கொட்ட வேண்டிய மருந்து அல்ல இது.

பக்கத்து வீட்டில் ஆன்டிபயாட்டிக்கால் வந்த பேதிக்குக் கொடுத்த புரோபயாட்டிக் மாத்திரையை வாங்கிப் போடுவதும் தவறு. நுண்ணுயிரின் ரகம் மாறினால் பலனும் மாறும். பவுடரைச் சூடான பாலில் கலந்தால் அவற்றில் பல ரகங்கள் செத்துவிடும். இட்லியும் அப்படித்தான்: மாவில் இருந்தவை ஆவியில் போய்விடுகின்றன. தயிர், மோர் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடலாம்; ஆனால் அதிலுள்ள ரகம் எது, எவ்வளவு என்பது தெரியாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் ஐ.பி.எஸ். என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

உங்களுக்குக் கேட்டது என்று, வீட்டில் கீமோதெரபி எடுப்பவருக்கும் ஒரு கேப்சூல் கொடுத்துவிடாதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் இந்த நுண்ணுயிர்களே ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம்.