வீட்டிலேயே ஜோடியாக ஒரு கரோக்கி ராத்திரி

சனிக்கிழமை ராத்திரி வெளியே போய்ச் செலவழிப்பதற்குப் பதிலாக வீட்டிலேயே கரோக்கி வைத்துக்கொள்ளலாம், டிவியில் யூடியூப் இருந்தால் பாதி வேலை முடிந்தது. புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் நம்பாதீர்கள், பாடும் குரல் கண் சிமிட்டும் நேரம் பிந்தி வந்தாலே தாளம் போய்விடும். ஆக்ஸ் வயர் (ஸ்பீக்கரில் நேராகச் செருகும் ஆடியோ வயர்) போட்டால் சரியாகிவிடும். கீச்சென்று சத்தம் வந்தால் மைக்கை ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து திருப்புங்கள்.

டூயட்டில் ஒருவருக்கு வசதியான சுருதி மற்றவருக்கு எட்டாது; அதனால் சுருதியை ஏற்றி இறக்கும் வசதியுள்ள ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு, சரணத்தில் உச்சத்துக்குப் போகும் வரியை இரண்டு பேரும் முதலில் பாடிப் பார்த்து, சுருதியை அரை அரைக் கட்டையாக (ஒவ்வொரு சிறு படியாக) இறக்குங்கள், பல்லவியை மட்டும் நம்பி ஆரம்பித்தால் சரணத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நிறைய ட்ராக்குகளில் வரிகள் ஆங்கில எழுத்தில்தான் ஓடும் (ழகரம் எங்கே, ளகரம் எங்கே என்று தேட வேண்டும்), தமிழ் வரிகளை போனில் திறந்து வைப்பது நல்லது.

துணைக்குக் கூச்சமா? முதல் பாட்டை நீங்களே பாடுங்கள், அப்புறம் அவர் பாடும்போது வீடியோ எடுக்காதீர்கள். 10 மணிக்கு மேல் மைக்கை அணைத்துவிட்டு வெறும் குரலில் பாடலாம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் முன்.